கரண்டுச் சுருதி

என் பழைய ஆம்ப்ளிபயரில் ஒரு இரைச்சல் உண்டு. பாட்டுப் போடாமல் சும்மா வைத்திருந்தாலே குழாய் ஸ்பீக்கர் வழியாக ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் மேளம் நின்ற மறு விநாடி அந்த முனகல்தான் தெருவுக்கே கேட்கும். எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்! அறுபதுகளில் காரைக்குடி செக்காலை ரோட்டில் மைக் செட் வாடகைக்கு விட்டவர்களில் ‘இரைச்சல் பாய்’ என்று பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். மெக்கானிக்குகள் மாற்றாத வால்வு இல்லை, பிரித்து ஒட்டாத ஒயர் இல்லை. கடைசியில், இது கரண்டு ஓடுகிற சத்தம் பாய், முழுசாக அடக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இரைச்சலைக் கேட்டுவிட்டு, தெருவோடு போன ஒரு மனிதர் கடைக்குள் ஏறி வந்து, தயவுசெய்து இதைச் சரிபண்ணிவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டால் நான் என்ன நினைப்பேன்? நக்கல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்லி விரட்டியும் விட்டேன். மறுநாள் ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“கோவப்படாதீக பாய். அந்த ஆம்ப்ளிபயரைப் போட்டு விடுங்க. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்.”

நெட்டையான, ஒட்டி உலர்ந்த ஆள். சட்டைப் பையில் சீப்பு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன அரம். விரல் நுனிகளில் பித்தளைத் தூள் மினுங்கும். திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர் என்று சொன்னார். ஆம்ப்ளிபயரைப் போட்டேன். அவர் துருத்தியை அமுக்கி, அந்த முனகலோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு கட்டையைப் பிடித்தார். அப்புறம் அதோடு சேர்த்துக் காந்தாரத்தை அழுத்தினார். கேட்கிறதா, நடுங்குகிறதா என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பெட்டி மேல் வைக்கச் சொன்னார். அப்போது கேட்டது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ‘வவ்வவ்வவ்’ என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தார். ரீடு என்கிற அந்தப் பித்தளை நாக்கை அரத்தால் ரெண்டு இழுப்பு இழுத்து மறுபடி அழுத்தினார். ஓட்டம் குறைந்தது. இன்னும் ஒரு இழுப்பு. நின்றுவிட்டது. வீட்டு வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும்போது டம்ளர் தண்ணீர் நடுங்கும் அல்லவா? என்ஜினை நிறுத்தியதும் அது அடங்குமே, அப்படி அடங்கியது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இன்னொரு தடவை அழுத்தச் சொல்லிக் கேட்டேன்.

கம்பெனியில் செய்கிற பெட்டியில் எல்லாச் சுரத்தையும் அதன் சரியான இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பார்களாம். யார் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினாலும் ஒப்பேற்ற வேண்டுமே, அதற்காக.

“எல்லாருக்கும் நல்லவனா இருக்கப் பாக்குது பாய் இந்தப் பெட்டி. அதான் யாருக்கும் உண்மையா இல்ல. ஒங்க எரைச்சலுக்குள்ள உன்னிச்சுக் கேளுங்க, மேல ஒரு பஞ்சமம் இருக்கு, அதுக்கும் மேல ஒரு காந்தாரம். யாரும் வச்சதில்ல, தானா நிக்குது.”

அவ்வளவுதான் அவர். ஏறக்குறைய சரியாக இருக்கிறது என்று ஒன்றை விட்டுவிட அவரால் ஆகாது. மற்றவர்களுக்குக் கேட்காத நடுக்கம் அவருக்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் சோறு இறங்காது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் குழாய் கட்டப் போனபோது கூட வந்தார். பந்தியில் உட்கார்ந்து இலையில் பரிமாறியும் ஆகிவிட்டது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரின் சுருதி ஒரு இம்மி உரசுகிறது என்று எழுந்து போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? ஒத்து ஊதுகிறவரிடமே போய், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள் என்றிருக்கிறார். தவில்காரர் கம்பை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு ஆச்சி வந்து, யாருப்பா இவுக, நீ கூட்டிக்கிட்டு வந்தவுகளா என்று என்னைக் கேட்டபோது, அத்தனை ஜன்னல் இருந்த அந்த வீட்டில் எந்த ஜன்னல் வழியாக ஓடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய பிழைப்பு கெட்டதும் இதனால்தான். பெட்டியை அரத்தால் ராவிச் சுத்தமாக்கினால் அது ஒரே ஒரு கட்டைக்குத்தான் சுத்தம். வேறு கட்டையில் பாடினால் நாய் ஊளையிடுகிற மாதிரி இருக்கும். நாடகத்திலோ ராஜபார்ட் ஒரு கட்டையில் பாடுவார், ஸ்திரீ பார்ட் ஒன்றில், பபூன் அவன் இஷ்டத்துக்கு. இது தெரிந்தும் பெட்டி முழுவதையும் ராவிவிட்டு மேடை ஏறினார். கோவிலூர்ப் பக்கம் ஒரு திருவிழா. மைக் செட் என்னுடையது. ராஜபார்ட் பாட ஆரம்பித்தார், பெட்டி ஊளையிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு ராஜா மந்திரியைக் கூப்பிட்டார். “மந்திரி! நம் சபையில் அழுதுகொண்டிருக்கும் அந்தப் பெட்டியை உடனே நாடு கடத்துக” என்றார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகத்தில் ஆர்மோனியக்காரரை மேடையிலேயே கிண்டல் பண்ணுவது வழக்கம்தான். அவரும் பதிலுக்கு ஏதாவது எடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. இவரோ துருத்தியை மூடிவிட்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வேறு பெட்டி வாங்கித்தருகிறேன், நாடகத்துக்கு அதை வாசியுங்கள், வீட்டில் இதை வாசியுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். தெரிந்துகொண்டே எப்படிப் பாய் தப்பாக வாசிக்கிறது என்று கேட்டார்.

எந்தக் கட்டைக்காக அந்தப் பெட்டியை ராவினாரோ அது அவர் மனைவியின் கட்டை. அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் ஸ்திரீ பார்ட் போட்டவர்கள். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தாழ்ந்த, தடித்த குரல். ஆனால் ஒரு சுரத்தைப் பிடித்தால் அது அசையாது. மேடையில் எத்தனையோ ஆர்மோனியக்காரர்கள் அந்த அம்மாவைக் கேட்டுத்தான் தங்கள் பெட்டி தப்பா சரியா என்று தெரிந்துகொண்டார்களாம். குரல் விலகுகிறது என்று அக்காவை ஆயுசில் யாரும் சொன்னதில்லை. தன் காதுக்குச் சாட்சி அவள் தொண்டைதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். சண்டைக்காரத் தம்பதிதான். குழம்பில் உப்பு ஏறினதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பார்கள். ஆனால் சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினால், அடுப்படியிலிருந்து அந்தச் சுரம் குரலாக வரும். அதோடு சண்டை தீர்ந்தது.

அந்தக் குரலுக்காகத்தான் அவர் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என் கடைக்குப் பின்னால் குழாய்களும் ஒயர்களும் கிடக்கிற குடோனில்தான் வேலை. ஒரு குரல், ஒரு பெட்டி, என் ஆம்ப்ளிபயரின் இரைச்சல், இந்த மூன்றுக்குமான பாட்டு. தம்புரா காற்றடித்தால் இறங்கும், வெயிலடித்தால் ஏறும். கரண்டு மூச்சு விடாமல் நிற்கிறது என்பார். பாட்டில் வார்த்தையே கிடையாது. ஒரு முருகா கூட இல்லாம என்ன பாட்டு தம்பி இது என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்கள். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏறுகிற வழியில் பெயரே இல்லாத மூன்று இடங்களில் நின்று போக வேண்டும். எழுதிக் காட்ட வழி இல்லாததால் அதற்கு அவர் பஸ் நிறுத்தங்களின் பெயரை வைத்தார். ரிஷபம் காரைக்குடி, காந்தாரம் திருப்பத்தூர். நடுவில் கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. “குன்றக்குடியில நல்லா நில்லு, ஓடிராத” என்பார். அக்கா நிற்பார்கள். பெட்டியை அழுத்திப் பார்ப்பார். நடுங்காது.

இப்படி அவர் ஒவ்வொரு ரீடாக ராவிக்கொண்டிருந்தபோதுதான், எழுபதுகளின் தொடக்கத்தில், அக்காவுக்கு விழுங்கினால் வலிக்க ஆரம்பித்தது. பிறகு துப்பினால் ரத்தம். மதுரையில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். புற்று. குரல் நாளைக்கே உடையலாம், ஒரு மாதம் கழித்தும் உடையலாம். குரல்வளையையே எடுத்தாக வேண்டும். எடுத்தால் உயிர் மிஞ்சும், பேச்சு மிஞ்சாது. தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போட்டார்கள். டாக்டர் சொன்ன நாளில் அக்காவின் தம்பி அழைத்துப்போக வந்தபோது, இன்னும் ரெண்டு ரீடு பாக்கி இருக்கிறது என்றார் இவர். அந்தத் தம்பி அடிக்கப் போனதில் ஆச்சரியமே இல்லை. நான் குறுக்கே நின்றேன். நின்றேனே தவிர, அவன் போனதும் நானே பிடித்துக் கத்தினேன். மனுசனாய்யா நீ, பொண்டாட்டி உசிரை விடவா உன் பெட்டி என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பதில் சொன்னது அக்காதான்.

“அவுகள வையாதீக தம்பி. நாந்தான் சொன்னேன். தொண்டை போறது போகட்டும், போறதுக்கு முந்தி இத ஒரு தடவ முழுசாப் பாடிட்டுப் போறேன். மேடையில பாடுனதெல்லாம் ஊருக்கு. இது எனக்குன்னு பண்ணுனது.”

அந்த ரெண்டு ரீடு முடிகிற வரை எனக்கும் தூக்கம் இல்லை. இருமல் சத்தம் கேட்டாலே அவர் முகம் செத்துவிடும். அக்கா சோறு உண்ணும்போது வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சில் கரகரப்பு ஏறிக்கொண்டே வந்தது. பாட எடுத்தால் மட்டும் எங்கிருந்தோ குரல் நேராக வந்து நின்றது.

மதுரைக்குப் போகிறதற்கு முந்தின சாயங்காலம். குடோனில் ஜமுக்காளத்தை விரித்துப் போட்டேன். ஆம்ப்ளிபயரைப் போட்டுக் குழாயைச் சுவர் பக்கம் திருப்பினேன். அக்கா வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் அவர். வெளியே அக்காவின் தம்பி, மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தான். மனைவி கெட்ட குரலோடு போய்விடக் கூடாதே என்ற ஒரே பயத்தில் அவருடைய காது இருந்தது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அக்கா எடுத்தார்கள். அந்த முனகலுக்குள்ளிருந்தே குரல் கிளம்பி வந்த மாதிரி இருந்தது. எது கரண்டு எது குரல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஷட்ஜத்தில் நின்றார்கள். ரிஷபத்துக்கு வந்தார்கள். கோவிலூரில் நின்றார்கள். அவர் முகம் சுருங்கியது. கட்டையை விட்டு மறுபடி அழுத்தினார். குன்றக்குடிக்கு ஏறினார்கள். அவர் வலது கையைத் தூக்கினார்.

“எறங்குதும்மா.”

குரல் நின்றது. அவர் கையை இறக்கிவிட்டு, முதலிலிருந்து எடு, மெதுவாக எடு என்று சொன்னார். கெஞ்சித்தான் சொன்னார். அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். விழுங்க முடியாமல் கொஞ்சம் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, போதுங்க என்று எழுந்தார்கள். அவர் பெட்டியைத் தள்ளிவிட்டு வாசல் வரை பின்னால் போனார். அக்கா திரும்பவில்லை. விடிந்ததும் தம்பியோடு மதுரைக்குப் போய்விட்டார்கள். தம்பி இவரைக் கூட வர விடவில்லை.

அன்று முழுவதும் இவர் என் குடோனில் கிடந்தார். சாப்பிடவில்லை. பெட்டியைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு ரீடாக அடியில் ராவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். அவள் குரல் இறங்கிவிட்டது, பெட்டியையும் அந்த அளவுக்கு இறக்கிவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை பாடிவிடலாம் என்றார். அறுவை மறுநாள் காலையில். ஒரு ரீடு உடைந்து தெறித்தது. இன்னொன்றை எடுத்தார். எத்தனை வருஷ வேலை அது! பார்க்கச் சகிக்காமல் நான் முன்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது என் மச்சினன் கோட்டையூரிலிருந்து செட்டை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். காதுகுத்து வீட்டில் முந்தின நாளிலிருந்து ரெக்கார்டு போட்டவன். வந்ததும் வராததுமாகப் புலம்பினான்.

“நேத்துச் சாயங்காலம் கரண்டு செத்துப்போச்சு மச்சான். பல்பு எரியிது, தட்டு சுத்தமாட்டேங்குது. பொம்பளை பாட்டெல்லாம் ஆம்பளை பாட்டா எறங்கி ஓடுது. வீட்டுக்காரக என்னைய ஏசிப்புட்டாக.”

மின்தட்டுப்பாட்டுக் காலம். கோட்டையூருக்கும் எங்களுக்கும் ஒரே லைன். கரண்டின் வேகம் குறைந்தால் ரெக்கார்டுத் தட்டு மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுக்கும். மைக் செட்காரனுக்கு அது பழகிய தொல்லை. நான் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். உள்ளே அரம் நின்றது.

அவர் வெளியே வந்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மச்சினனைத் துருவினார். பிறகு ஆம்ப்ளிபயரைப் போடச் சொன்னார். ராவாமல் மிச்சம் இருந்த ஒரே ரீடை முனகலோடு வைத்துப் பார்த்தார். கொஞ்சமும் நடுங்கவில்லை.

“இன்னைக்குச் சரியா நிக்குது பாய். நேத்துக் கரண்டு எறங்கியிருக்கு. ஒங்க எரைச்சலும் எறங்கியிருக்கு. அவ அதோடயே போயிருக்கா, ஒரு இம்மி பெசகல. என் பெட்டிதான் தனியா மேல நின்னுருக்கு.” தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் அவளப் போயி எறங்குதுன்னேன்.”

ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தன் குரல் கெட்டுவிட்டது என்ற நினைப்போடு அவள் அதை அறுக்கக் கொடுக்கக் கூடாது, கத்தி வைக்கிறதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விடியக்கால முதல் பஸ்ஸுக்கு நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் எங்கே இறங்கிவிடுவாரோ என்று பயம். கோவிலூரில் ஆள் ஏறியது, குன்றக்குடியில் ஆள் ஏறியது, பிள்ளையார்பட்டியில் ஒரு கிழவி கூடையை ஏற்ற முடியாமல் நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திருப்பத்தூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கியதும் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கண்டக்டரின் காலைத் தொடப் போய்விட்டார். மேலூர் தாண்டுவதற்குள் எனக்கே உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி மாடிக்கு நாங்கள் மூச்சிரைக்க ஏறியபோது அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். பச்சைத் துணி. தலையை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டிருந்தார்கள். தோடும் மூக்குத்தியும் இல்லாத முகம் யாரோ மாதிரி இருந்தது. தம்பிக்காரன் முறைத்தான், ஆனால் வழியை மறிக்கவில்லை. இவர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். கரண்டு, ரெக்கார்டுத் தட்டு, கோட்டையூர், பெட்டி. முன்னும் பின்னுமாக, அழுகையும் மூச்சும் முட்ட. தப்பு உன் மேலே இல்லை, நீ சரியாகத்தான் நின்றாய் என்று முடித்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“எனக்கு அப்பவே தெரியும்ங்க” என்றார்கள். “எரைச்சல் எறங்குனதும் தெரியும். நான் சரியா நின்னதும் தெரியும்.”

அவர் கேட்கவே பயந்த மாதிரிக் கேட்டார்.

“அப்ப ஏம்மா நிப்பாட்டுன?”

“நீங்க கையத் தூக்குனீக.”

நர்ஸம்மா வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவின் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். நான் மட்டுமா, யார் கேட்டதும் அதுதான் கடைசி. கதவு சாத்திக்கொண்டது.

அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டு அதன்மேல் உடம்பை வளைத்து அமுக்கிக்கொண்டார். கீழே போய் டீ வாங்கி வந்து நீட்டினேன். இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.